பள்ளிக்குப் பின் கைத்தொழில்: காஞ்சிபுரத்துத் தலித் இளைஞர் முன்னுள்ள வழிகள்

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சேரிகளிலும் காலனிகளிலும் உறவினர், ஆசிரியர், அண்டைவீட்டார் என அனைவரும் வழிகாட்டிகளாகிவிடுகின்றனர். நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையிடம் கல்லூரிகளின் பெயர்களை அடுக்குகின்றனர். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு ஒரே வாக்கியம்தான்: "ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும்." எந்தத் தொழில், யாரிடம், எத்தனை ஆண்டு, முடிவில் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர் அரிது. அக்கேள்விகளுக்கு நாம் அறிந்தவரையில் விடை தேடுவதே இக்கட்டுரை.

'கைத்தொழில்' என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஐயம் எழுவது இயல்பே. 1953ஆம் ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழில். மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அத்திட்டத்தை எதிர்த்து நின்ற தலைவர்களில் ஒருவரான அண்ணா, காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே இவ்வூரில் 'பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடு' என்று எவர் சொன்னாலும் அதன் பின்னால் பிறப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

ஆயினும் அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாட்டை முழுமையாக நினைவுகூர வேண்டும். சாதி உழைப்பை மட்டுமல்லாமல் உழைப்பாளர்களையே பிரிக்கிறது என்று 1936இல் எழுதியவர், 1942 அக்டோபரில் வைசிராயிடம் அளித்த குறிப்பாணையில், பட்டியல் சாதி மாணவர் அறிவியலும் தொழில்நுட்பமும் கற்க அரசு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று கோரினார். கையுழைப்பை அவர் இழிவாகக் கருதவில்லை. பிறப்பு விதித்த உழைப்பையே எதிர்த்தார். எனவே ஒரு தொழிலைப் பற்றி நாம் கேட்க வேண்டியவை எளியவை. கருவி யாருடையது? கற்றதற்கான சான்றை யார் தருகிறார்? வேண்டாமென்றால் அங்கிருந்து வெளியேற முடியுமா?

தறியின் மறுபக்கம்

காஞ்சிபுரத்தில் இக்கேள்விகளை முதலில் தறியிடம்தான் கேட்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் மூன்று நாடாக்களைக் கொண்டு ஊடையிலேயே பிணைக்கின்றனர். இவ்வேலையை நெசவாளர் ஒருவரே செய்வது கடினம். மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிய ஒரு துணையாள் தேவை. அந்த இடத்தில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தவர்கள் சிறுவரும் சிறுமியரும்.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996இலும் 2003இலும் வெளியிட்ட அறிக்கைகள் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் நிலவிய குழந்தைக் கொத்தடிமை முறையைப் பதிவு செய்தன. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் அமர வேண்டும். பிள்ளையின் கூலியிலிருந்து கடன் கழியும், அல்லது கழியாமலே தொடரும். அப்படி அமர்த்தப்பட்டவர்களில் தலித் பிள்ளைகள் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த அறிக்கைகளின் கனம் விளங்கும். பின்னர் அரசும் தொண்டு அமைப்புகளும் மேற்கொண்ட முயற்சிகளால் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். ஆனால் அந்தத் தலைமுறையிலேயே தறியில் வளர்ந்தவருக்கு நெசவு தெரியும். தெரியும் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை, தறியும் அவருடையதன்று. முதலாளி மாறினாலும் முன்பணம் மட்டும் அவரோடு சென்றது. கைத்திறன் ஒருவருக்கு விடுதலை தராமலும் போகலாம் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேடத் தேவையில்லை.

அப்படியானால் இன்றைய இளைஞர் நெசவு கற்கவே கூடாதா? கற்கலாம், இரண்டு வழிகளில். ஒன்று, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிச் சொந்தத் தறியில் நெய்வது. சங்கத்தின் கூலி பதிவேட்டில் ஏறும். நலத்திட்டங்களும், கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 அலகு வரையிலான இலவச மின்சாரமும் அந்த அடையாளத்தோடு கிடைக்கும். மற்றொன்று, சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. சாயம், வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் தேர்ந்தவரை ஜவுளி ஆலைகளும் கூட்டுறவு அமைப்புகளும் மேற்பார்வைப் பணிகளுக்கு எடுக்கின்றன. பட்டு முதலாளி ஒருவரிடம் முன்பணம் வாங்கி அவருடைய தறியில் அமர்வதைத் தொழில் கற்பதாக நாம் கொள்ள மாட்டோம்.

ஆலை வாயிலில்

நகரிலிருந்து கிழக்கே சென்றால் காட்சி மாறுகிறது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன. 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியது முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் பேருந்தேறிச் செல்லும் திசை இதுவே. பள்ளி முடித்த கையோடு மாதச் சம்பளம் என்பது கடனில் உள்ள குடும்பத்துக்குச் சிறிய செய்தி அன்று. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால் நோக்கியாவை மறக்கலாகாது. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை ஆயிரக்கணக்கான இளைஞரையும் இளம்பெண்களையும் பணிக்கு அமர்த்தியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. எட்டாண்டுகள் ஒரே வரிசையில் நின்று ஒரே பாகத்தைப் பொருத்தியவர் வெளியே வந்தபோது, வேறோர் ஆலையில் தன்னைத் தேர்ந்த தொழிலாளியாக நிறுவ அவரிடம் என்ன இருந்தது? ஆலை கற்பித்தது அந்த வரிசைக்கு மட்டுமே பயன்பட்டது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று நெடுஞ்சாலையை மறித்தபோதுதான், ஒப்பந்த முறையில் தங்கவைக்கப்பட்டிருந்த அவர்களது வாழ்நிலை வெளியுலகுக்குத் தெரிந்தது. 'பயிற்சியாளர்' என்ற பெயரில் உற்பத்தி வேலை வாங்கப்படுவதும் இப்பகுதிக்குப் புதிதன்று. அதற்கு ஒரு வாசலாக இருந்த நீம் திட்டம் 2022 இறுதியில் கைவிடப்பட்டது. பெயர்ப்பலகை மாறினாலும் பழக்கம் எளிதில் போவதில்லை.

ஆலைக்குப் போகலாம். ஆனால் ஒரு தொழிற்பிரிவின் சான்றோடு போகிறவரின் நிலை வேறு, வெறும் மதிப்பெண் பட்டியலோடு போகிறவரின் நிலை வேறு.

ஐ.டி.ஐ.

அந்தச் சான்றைத் தருவது தொழிற்பயிற்சி நிலையம். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் இயங்கும் இந்நிலையங்களை நம் மக்கள் ஐ.டி.ஐ. என்றே அழைக்கின்றனர். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர் (ஓராண்டு), வயர்மேன் (இரண்டாண்டு) ஆகியவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். ஆலை மூடப்பட்டாலும் சான்று செல்லாததாகாது.

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பேருந்துப் பயணச் சலுகை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பயின்றவர்க்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் (2022), தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவை கல்லூரிக்கு மட்டுமே உரியவை என்று எண்ணி ஐ.டி.ஐ. மாணவர் விட்டுவிடக் கூடாது. சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு.

ஒரகடத்து நிலையத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தின் கீழ், 2023 ஜூலையில் அங்கே புதிய தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. தொழிலக ரோபோ இயக்கம், உயர்நிலை சிஎன்சி எந்திரப் பணி, மின்வாகனப் பழுதுபார்ப்பு முதலியவை இத்திட்டத்தின் புதிய பிரிவுகள். கார் ஆலைகள் சூழ்ந்த இவ்விடத்தில் இவற்றின் பயன் வெளிப்படை. நம் பெண்களைத் தையல் பிரிவுக்கே அனுப்பும் பழக்கத்தையும் இங்கேயே கைவிடலாம்.

ஐ.டி.ஐ. படித்தால் மேற்படிப்பின் கதவு மூடிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு. இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றபின் அதே முறையில் பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழிப்பாடத் தேர்வுகளில் தேறியவரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளவும் தமிழ்நாடு அரசு வழிசெய்துள்ளது. இந்த ஏணி இல்லாத 'திறன் பயிற்சி' எதையும் நாம் ஐயத்தோடே பார்க்க வேண்டும். கவர்ச்சியான பெயரோடு மூன்று மாதச் சான்றிதழ் விற்கும் கடைகள் மாவட்டமெங்கும் உள்ளன. தேசிய அங்கீகார எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

தனியார் ஆலையிலும் உள்ள ஓர் இடஒதுக்கீடு

இனிச் சொல்வது நம் இயக்கத் தோழர்களிடையேகூட அதிகம் பேசப்படாதது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று நாம் நெடுங்காலமாகக் கோருகிறோம். வேலைக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் பயிற்சி இடங்களுக்கு அது சட்டத்திலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவு ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பழகுநர் இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற வேறுபாடு அதில் இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு இதே உரிமை 2007இல் வந்தது.

2019இன் விதித் திருத்தப்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அதே திருத்தம் குறைந்தபட்ச மாத உதவித்தொகையைப் பத்தாம் வகுப்பு முடித்தவர்க்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்க்கு 7,000 ரூபாய், பட்டயதாரிக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடு கூடும்.

ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகள் அனைத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எத்தனை இடங்கள் நம்முடையவை என்பது விளங்கும். 2011 கணக்கெடுப்பின்படி, அன்றைய பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்குத் தகுதியானவர் கிடைக்காவிட்டால் பிறரைக் கொண்டு நிரப்ப விதி இடம் தருகிறது. நாம் விண்ணப்பிக்காத ஒவ்வோர் ஆண்டும் 'ஆள் கிடைக்கவில்லை' என்ற பதில் நிறுவனத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திடம், எந்தெந்த நிறுவனங்கள் எத்தனை பழகுநர்களைப் பதிவு செய்துள்ளன, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்பது ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செய்யக்கூடிய வேலை.

இச்சட்டத்தின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பழகுநர் 'தொழிலாளி' அல்லர் என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தொழிற்சங்க உரிமை உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்களின் காப்பு அவருக்கு இல்லை. பயிற்சிக்குப் பின் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. மலிவான உழைப்புக்காக இதைப் பயன்படுத்தும் ஆலைகள் உள்ளன. எனினும் ஆலைப் பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். காயமுற்றால் இழப்பீடு உண்டு. முன் ஒப்புதலின்றி மிகைநேரம் வேலை வாங்க முடியாது. சேரும்போது ஒப்பந்தம் அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்த்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லையெனில் அவர் சட்டப்படி பழகுநர் அல்லர். குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள். அவ்வளவே.

அரசுப் பக்கத்தில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆண்டுதோறும் பழகுநர்களை எடுக்கிறது. பத்தாம் வகுப்பு மட்டுமே முடித்தவர்க்கும் இடமுண்டு. தேர்வு பள்ளி மதிப்பெண் அடிப்படையில். பட்டியல் சாதியினர்க்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ரயில்வேயின் முதல்நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு, ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

கல்லும் தோலும்

கோயில் நகரத்தில் வாழ்ந்துகொண்டு சிற்பத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1957இல் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. ஒரு காலத்தில் குறிப்பிட்ட குடும்பங்களுக்குள் அடைந்து கிடந்த அளவுகளும் கணக்குகளும் அங்கே பாடத்திட்டமாகியுள்ளன. இடஒதுக்கீட்டின் வழியே எவரும் கற்கலாம். நம் முன்னோர் நுழைய முடியாதிருந்த கோபுரங்களின் கணக்கை நம் பிள்ளைகள் கற்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது; அதைச் சொல்ல நாம் கூசத் தேவையில்லை.

தோல் அதற்கு நேர்மாறான கதை. தோலைத் தொட்டவர் இழிவாக்கப்பட்டார்; காலணி வடிவமைப்பாளரோ மதிப்போடு சம்பளம் பெறுகிறார். சென்னை கிண்டியிலுள்ள மத்தியக் காலணிப் பயிற்சி நிறுவனமும், பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் தரும் சிப்பெட் நிறுவனமும் நம் மாணவர் அதிகம் அறியாதவை.

ஒரு எச்சரிக்கை. பட்டியல் சாதியினருக்கான திறன் பயிற்சி என்ற பெயரில் கழிவுநீர்த் தொட்டி சார்ந்த வேலைகளே மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டால், எந்திரம் புதிதாக இருந்தாலும் ஒதுக்கீடு பழையதுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்தது. அந்த வேலைக்கு யாரை அழைக்கிறோம் என்ற பழக்கத்தை அதனால் மாற்ற இயலவில்லை.

சொந்தக் கடை

சான்றும் சில ஆண்டு அனுபவமும் பெற்றவர் சொந்தப் பட்டறை வைக்க விரும்பினால், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் (2023) 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. 2025 ஏப்ரலில் இம்மாவட்டத்துக் குன்றத்தூரில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்க்கு உரியது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குலத்தொழில் வாடை வீசுகிறது என்று மறுத்த தமிழ்நாடு அரசு, 25 தொழில்களுக்குக் குடும்ப வழி பாராமல் இதைக் கொண்டுவந்தது. பள்ளி முடித்த பிள்ளையை அதே வயதில் குலத்தொழிலுக்கு இழுக்காதிருக்கவே அந்த வயது வரம்பு.

கடன் கிடைத்தாலும் கடை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எந்தத் தெருவில் வாடகைக்கு இடம் தருகிறார்கள், வீட்டு மின்வேலைக்கு வந்தவரிடம் ஊரையும் தெருவையும் ஏன் விசாரிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் மானியத் திட்டத்தில் பத்தி கிடையாது. ஆலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பது இந்தத் தெருக்கணக்கிலிருந்து ஓரளவு தப்பிக்கும் வழி. அதற்கு உரிமமும் சான்றும் கட்டாயம்.

பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது வீட்டிலுள்ள பெரியவரையும் நினைக்கலாம். பல்லாண்டு வயரிங் வேலை செய்தும் சான்றில்லாத தந்தையோ அண்ணனோ, 21 வயது நிறைந்து ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் அரசின் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அனுபவமுள்ள பிற தொழிலாளரும் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தனித்தேர்வராகக் கலந்துகொள்ள முடியும். அறிவிப்புகள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கிடைக்கும். சேர்க்கைக்குச் செல்வோர் சாதிச் சான்று, மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் மூலங்களைச் சரிபார்த்த உடனே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தனியார் பயிற்சி மையத்துக்கும் முன்பணம் கொடுத்த தறி முதலாளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.